நாத்தனாருக்குத் தெரியாத இரும்பு

என் நாத்தனாருக்கும் எனக்கும் நகையாலோ புடவையாலோ ஒரு நாளும் மனத்தாங்கல் வந்ததில்லை. குறட்டாலும் உளியாலும் வந்திருக்கிறது.

நான் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அவள் சிதம்பரத்தில் பள்ளி ஆசிரியை, வேதியியல் பாடம். என் கணவருக்கு ஒரே தங்கை. நாற்பதைத் தாண்டியவளை வீட்டில் எல்லோரும் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். எங்கள் இருவருக்கும் பழைய கருவிப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஒரு தச்சர். குளியலறைத் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று அவருக்குப் போன் செய்தால், ஒவ்வொரு முறையும் "இதோ கெளம்பிட்டேன்மா" என்பார். கிளம்பியவர் வந்து சேரவே இல்லை. கடைசியில் நானே முதுநகர் காயலாங்கடைக்குப் போய், மரப்பிடி போட்ட பழைய திருப்புளி ஒன்றை எடுத்துவந்து, புதுத் திருப்புளிகள் எல்லாம் வழுக்கிவிழுந்த அந்தத் திருகாணியை ஒரே முறுக்கில் இறுக்கினேன். அந்தச் சந்தோஷத்தில் சும்மா இருந்திருக்கலாம். நாத்தனாருக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். அடுத்த வாரமே அவள் சிதம்பரத்தில் மரத்தில் ஓட்டை போடும் ஒரு பழைய துரப்பணத்தை வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டாள்.

அதிலிருந்து வளர்ந்ததுதான் எங்கள் விளையாட்டு. ஒருத்தி வாங்கிவந்த கருவியை மேசைமேல் வைக்க வேண்டும். டீ ஆறுவதற்குள் மற்றவள் அது என்னவென்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் எதிராளியின் பெட்டியிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். சொல்ல முடியாவிட்டால் தன் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். ரம்பத்தின் பற்களை இடமும் வலமுமாகச் சாய்த்துவைக்கும் ஒரு கருவியை அவள் கொண்டுவந்தபோது, நான் அதைப் பாக்குவெட்டி என்று அடித்துச் சொல்லி, என் நல்ல இழைப்புளி ஒன்றை இழந்தேன். ஈயம் பற்றவைக்கப் பழுக்கக் காய்ச்சும் செம்புக் கட்டியை நான் நீட்டியபோது, அவள் "கோயில் மணியோட நாக்கு" என்றாள். வேதியியல் ஆசிரியை!

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த இரும்பு என் கையில் சிக்கியது.

முதுநகர்க் கடையில் பழைய கிரைண்டர் மோட்டார்களுக்கு அடியில் கிடந்தது. ஒரு முழத்துக்கும் கூடுதல் நீளம். ஒரு முனையில் கிளி மூக்குப் போல இரண்டு அலகுகள். அதில் ஒன்றின் முதுகில் குதிகால் மாதிரி ஒரு வளைந்த புடைப்பு. மறுமுனை தடித்த குழாய். தூக்கினால் மணிக்கட்டு இறங்கும் அளவுக்குக் கனம். முழுக்கத் துரு.

"பாய், இது இன்னாது?" என்று கேட்டேன்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "மாட்டுக்குப் பல்லு புடுங்கறது மேடம்."

"மாட்டுக்கு எதுக்குப் பல்லு புடுங்கணும்?"

"வலிச்சா புடுங்கத்தானே வேணும்? மனுசனுக்குப் புடுங்கலியா?"

தராசில் போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் தேங்காய் நாரால் தேய்த்தேன். பிரஷ்ஷால் தேய்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வருகிறாள். அவளுக்குத் தெரிந்திருந்தால் அவள் வாயாலேயே தெரிந்துகொள்ளலாம், தெரியாவிட்டால் வெற்றி எனக்கு. எப்படி விழுந்தாலும் லாபம் என்று கணக்குப் போட்டு, டீ டம்ளருக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்பதுபோல் ஒரு முகத்தையும் வைத்துக்கொண்டேன்.

அவள் எடுத்தாள். கனத்தைக் கையால் நிதானித்தாள். அலகுகளை முகர்ந்துகூடப் பார்த்தாள். அவள் நெற்றியில் ஒரு சுருக்கம் வந்து, சட்டென்று மறைந்து, உதட்டில் சிரிப்பாக இறங்கியது.

"இதுவா! அண்ணி, இதுகூடவா எனக்குத் தெரியாது?"

டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன். "அப்ப சொல்லு."

"நான் சொல்லிட்டா, நீங்களும் 'அதேதான்'னுடுவீங்க. நீங்க மொதல்ல சொல்லுங்க."

"வாங்கிட்டு வந்தவ நான். நான் எதுக்குடி சொல்லணும்?"

"உங்களுக்குத் தெரியுமான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியாமயா வாங்கிட்டு வந்தேன்?"

டீ ஆறி ஆடை கட்டியது. பேப்பரைப் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்காமலே, "ரெண்டு பேருக்கும் தெரியல" என்றார்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவர்மேல் பாய்ந்தோம். சுவரில் ஒரு கொக்கி மாட்டத் துப்பில்லாதவருக்கு இதில் என்ன பேச்சு என்று நான் கேட்டேன். சின்ன வயதில் அவர் பம்பரத்துக்கு ஆணி அடிக்கப் போய் விரலில் அடித்துக்கொண்ட கதையை அவள் எடுத்துவிட்டாள். அவர் பேப்பரோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அடுத்த முறை சந்திக்கும்போது இருவரும் ஒன்றாகச் சொல்வது என்று முடிவாயிற்று.

"அதுவரைக்கும் நான் எடுத்துட்டுப் போறேன் அண்ணி, பசங்களுக்குக் காட்டணும்."

"பசங்க கால்ல போட்டுக்குவாங்க. இங்கியே இருக்கட்டும்."

அவள் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டாள். எல்லாம் தெரிந்தவளுக்கு எதற்கு இத்தனை படம் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கடலூரில் எனக்குத் தெரிந்த பட்டறைகளில் எல்லாம் விசாரித்தேன். ஒருவர் கரும்பாலைச் சாமான் என்றார். இன்னொருவர் போர்வெல் என்றார். மூன்றாமவர் போனை எடுத்து, இரும்பைப் பிடித்தபடி செல்ஃபி எடுத்துக்கொண்டார். சிதம்பரத்தில் விசாரிக்கலாம் என்றால் அங்கே எந்தக் கடையில் நுழைந்தாலும் நாத்தனாருக்குச் செய்தி போய்விடும். புவனகிரிதான் நினைவுக்கு வந்தது. அங்கே ஆற்றுப்பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பழைய இரும்புக் கடை உண்டு. ஏர், கலப்பை, டிராக்டர் சாமான் என்று விவசாயிகளின் இரும்பெல்லாம் அங்கே வந்து சேரும். அது அவளுக்கும் எனக்கும் பொதுவான ஊர், யாருக்கும் சொந்தமில்லை.

ஆபீஸில் லீவு சொன்னேன். வீட்டில் ஆடிட் என்று சொன்னேன். இரும்பைக் கட்டைப்பையில் போட்டு, மேலே ஒரு துண்டை மூடி, பஸ் ஏறினேன்.

புவனகிரிக் கடைக்காரர் பையிலிருந்து நான் எடுத்ததைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தார். சாமானைத் தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"இருங்கம்மா, இருங்க. இப்பத்தான் ஒரு டீச்சரம்மா இதே சாமானப் போட்டோல காட்டிட்டுப் போனாங்க. இன்னான்னு தெரிஞ்சவங்க யாராச்சும் வந்தா போன் போடச் சொன்னாங்க."

நான் தடுப்பதற்குள் அழுத்திவிட்டார்.

தெருவுக்கு அந்தப் பக்கம், கரும்புச்சாறு வண்டியின் குடைக்குக் கீழே ஒரு போன் அலறியது. அந்தப் பாட்டு எனக்கு நன்றாகத் தெரியும். நான்தான் அவள் போனில் அதை வைத்துக்கொடுத்தவள்.

"மேடம், போட்டோல காட்டினீங்களே, அந்தச் சாமானே கைல வந்து நிக்கிது மேடம்!"

நான் நிற்கவில்லை. இரும்பைப் பைக்குள் தள்ளிக்கொண்டு பக்கத்து வாழைக்காய் மண்டிக்குள் நுழைந்தேன். உத்தரத்திலிருந்து தார் தாராகத் தொங்கிக்கொண்டிருந்தன. பெரிய பூவன் தார் ஒன்றுக்குப் பின்னால் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பதை நெருங்கும் ஓர் அரசு ஊழியை, கையில் பெயர் தெரியாத இரும்போடு, வாழைத்தாருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். அலுவலகத்தில் என்னிடம் கையெழுத்துக்குக் காத்திருப்பவர்கள் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ! பயத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் வந்தது. அவளுக்கும் தெரியாது! அந்த ஒரு செய்திக்காக இன்னும் பத்துத் தார்களுக்குப் பின்னால் நிற்கலாம் என்று இருந்தது.

செருப்புச் சத்தம் வந்தது. கடைக்காரரோடு பேச்சு. பிறகு அது என் பக்கம் நெருங்கியது.

"அண்ணி," என்றாள் நாத்தனார். "தாருக்குக் கீழ உங்க புடவை தெரியிது."

வெளியே வந்தேன். வரும்போது பையிலிருந்த இரும்பு தாரில் இடித்து ஒரு சீப்பு உடைந்து கீழே விழுந்தது. மண்டிக்காரர் அதை எடுத்து என் கையில் கொடுத்து, "இத நீங்கதான் வாங்கிக்கணும்" என்றார். வாங்கிக்கொண்டேன்.

"வாழைப்பழம் வாங்க வந்தேன்," என்றேன்.

"கடலூர்ல கெடைக்கலியா?"

"இங்கத்திப் பழம் ருசி ஜாஸ்தி. நீ இன்னா, ஸ்கூல் இல்லியா?"

"ட்ரெய்னிங் அண்ணி."

"கரும்புச்சாறு வண்டியிலயா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தது என்று சொல்ல முடியாது. புவனகிரிக் கடைத்தெருவில் இரண்டு பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கடைக்காரர், "அப்ப அது இன்னான்னு தெரிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். "தெரியுமே!" என்றோம் இருவரும். அந்த நிலையிலும் ஒருத்தியும் விட்டுக்கொடுக்கவில்லை.

பஸ்ஸில் சிதம்பரம் போகும்போது அவளே ஒரு வழி சொன்னாள்.

"நம்ம ரெண்டு பேருக்கும் அது இன்னான்னு தெரியும். ஆனா வேலை செய்யிற கண்டிஷன்ல இருக்கான்னு தெரியாது. இல்லியா?"

"ஆமா. அதத்தான் பாக்கணும்."

அவள் வீட்டில் யாரும் இல்லை. பின்கட்டில் பழைய செய்தித்தாளை விரித்து இரும்பைக் கிடத்தினோம். பைக் சங்கிலிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை எல்லா மூட்டுகளிலும் அடித்தாள். அது ஊறட்டும் என்று விட்டுவிட்டு, பள்ளியிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸ் ஒன்றைப் பொடித்து, தண்டின்மேல் தடவித் துடைத்தாள். மங்கலாக எழுத்துகள் எழுந்தன. முன்பாதியைத் துரு தின்றிருந்தது. 'அண்ட் சன்ஸ்' என்று மட்டும் ஆங்கிலத்தில் தெரிந்தது.

"மகனுங்க இருக்காங்க அண்ணி. அப்பனத்தான் காணோம்."

பிறகு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தோம். அத்தனை நாளும் ஒருத்தியை ஒருத்தி ஏமாற்றுவதில் இருந்த கவனத்தில், சாமானைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அலகுகளின் நுனி கூராக இருந்தது, அடிபட்டு அங்கங்கே சிதைந்தும் இருந்தது. குதிகால் புடைப்பின் அடிப்பக்கம் தேய்ந்து வழவழத்திருந்தது. "இது எதும்மேலயோ ஊணி நின்னிருக்கு" என்றேன். குழாயில் கை பிடிக்கும் இடம் மட்டும் மழமழவென்று இருந்தது. "இத ரொம்பப் பேர் புடிச்சிருக்காங்க" என்றாள். குழாயின் கீழ்விளிம்போ சுத்தியால் அடித்ததுபோல் பிதுங்கியிருந்தது. அதுதான் புரியவில்லை. கைப்பிடி எதற்கு அடிவாங்க வேண்டும்?

அவள் இரண்டு கைகளாலும் குழாயைப் பிடித்து முறுக்கினாள். ஒரு கிரீச் சத்தம். இன்னொரு முறுக்கு. திடீரென்று குழாய் சர்ரென்று தண்டின்மேல் ஏறி, மறுபடி இறங்கி, டங்கென்று இடித்து நின்றது. இருவரும் பின்னால் சாய்ந்துவிட்டோம்.

"ஓடுது அண்ணி!"

அதுவரை நாங்கள் ஒட்டியது என்று நினைத்திருந்த குழாய், தண்டில் ஏறி இறங்கும்படி போட்டது. சைக்கிள் பம்பு மாதிரி. சுத்தியலும் அதிலேயே இருக்கிறது! அலகை ஒரு பலகைமேல் நிறுத்தி, குழாயைத் தூக்கி இறக்கினேன். இரண்டு நுனிகளும் பலகைக்குள் நறுக்கென்று இறங்கின. தண்டைச் சாய்த்தால், குதிகால் பலகையில் ஊன்ற, அலகுகள் ஒன்றையொன்று கவ்வின.

"எதையோ கடிக்குது," என்றாள். "இன்னாத்தக் கடிக்குது?"

கொட்டாங்கச்சியைக் கொடுத்தோம். உடைந்து சிதறியது. பென்சிலைக் கொடுத்தோம். இரண்டானது. மாட்டுப் பல்லாக இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கையைத் துடைக்கத் துணி எடுக்க எழுந்தவளின் புடவை, பின்கட்டு நிலைக்கட்டையில் மாட்டி டர்ரென்று கிழிந்தது.

"சனியன்! இந்த ஆணி என் எத்தினி புடவையத் தின்னிருக்கு தெரியுமா? தலை உள்ள அமுங்கி ஓரம் மட்டும் துருத்திக்கிட்டு நிக்கிது, திருப்புளியால நெம்புனாலும் வர மாட்டேங்கிது, கொறடாலயும் புடிக்க முடியல…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். நான் இரும்பைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஆணிக்கு இரண்டு பக்கமும் அலகை வைத்தேன். குழாயைப் பின்னுக்கு இழுத்து ஓங்கி அடித்தேன். நுனிகள் மரத்தைத் துளைத்துக்கொண்டு ஆணித்தலைக்குக் கீழே போயின. தண்டைச் சாய்த்தேன். குதிகால் நிலையில் ஊன்றியது. அலகு கவ்வியது. அந்த ஆணி ஒரு முனகல் முனகிவிட்டு, வளையாமல் நெளியாமல், அப்படியே நீளமாக வெளியே வந்தது.

"ஆணி புடுங்கறது!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினோம்.

"நான்தான் மொதல்ல சொன்னேன்," என்றாள் உடனே.

"புடுங்குனவ நானு!"

அடுத்து நடந்ததற்கு யாரைக் குறை சொல்வது? ஒரு சாமானுக்கு வேலை தெரிந்துவிட்டால் கை சும்மா இருக்குமா? சமையலறை ஷெல்ஃபில் துருத்திக்கொண்டிருந்ததைப் பிடுங்கினோம். பழைய பெஞ்சில் துருத்தாமல் இருந்ததையும் பிடுங்கினோம். "இப்ப என் முறை, இப்ப என் முறை" என்று அவள் என் கையிலிருந்து பறித்தாள். வகுப்பில் பிள்ளைகளை அதட்டும் டீச்சர் இவள்தானா என்றிருந்தது. கடைசியில் சமையலறையின் பின்ஜன்னல் கண்ணில் பட்டது. அதன் குறுக்கே இரண்டு பலகைகள். நல்ல நீளமான ஆணிகள், தலை முழுக்க அமுங்கியவை. இதைவிடச் சரியான பரீட்சை கிடைக்குமா? ஒவ்வொன்றாக எடுத்தோம். பலகைகளும் கையோடு வந்தன. வெளிச்சம் உள்ளே வந்தது.

"எவ்ளோ காத்து வருது பாரு!" என்றேன். "இத எதுக்கு அடைச்சு வெச்சிருந்தே?"

"எதுக்கோ அண்ணி. அவுருதான் ஆள வெச்சு அடிச்சாரு," என்றாள்.

முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்தோம். முழு டம்ளர்கூட ஆகவில்லை, சமையலறையில் எவர்சில்வர் உருளும் சத்தம் கேட்டது. எதுக்கு அடைத்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"ஐயோ, கொரங்கு!"

ஓடினோம். ஒரு தாய்க்குரங்கு அடுப்பு மேடைமேல் உட்கார்ந்து, நான் புவனகிரியில் வாங்கிய பூவன் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, தன் வீடு மாதிரி உரித்துத் தின்றுகொண்டிருந்தது. இன்னொன்று கத்தரிக்காய்க் கொத்சுப் பாத்திரத்துக்குள் கையை விட்டு நக்கிப் பார்த்தது. காரம் போலிருக்கிறது. எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. நாத்தனார் கையில் கிடைத்த முறத்தைத் தட்டினாள். நான் ஆணிபிடுங்கியின் குழாயை ஏற்றி இறக்கி டங் டங்கென்று அடித்தேன். அந்தச் சத்தம் அவற்றுக்குப் பிடிக்கவில்லை. சீப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகப் போய்ச் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து, மிச்சத்தை எங்கள் எதிரிலேயே முடித்தன.

திரும்பவும் ஜன்னலை அடைக்க வேண்டும். அவளுடைய கருவிப் பெட்டியை இழுத்துவந்து திறந்தோம். சுவரிலிருந்து இறங்கிய துரப்பணம் இருந்தது. என்னிடமிருந்து பறித்த இழைப்புளி இருந்தது. குழிவான பொருளின் விட்டத்தை அளக்கும் காலிப்பர்கூட இருந்தது. ஒரு சாதாரண சுத்தியல் இல்லை.

"சுத்தி எல்லார்கிட்டயும்தான் இருக்கும், அத எதுக்கு வாங்கணும்னு விட்டுட்டேன்," என்றாள்.

"என்கிட்டயும் இல்ல," என்றேன்.

அம்மிக் குழவியை எடுத்துவந்தோம். நான் பலகையைப் பிடிக்க, அவள் குழவியால் அடித்தாள். அவள் பிடிக்க, நான் அடித்தேன். அதற்குள் என் கணவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆடிட் எப்பிடிப் போவுது?"

"நடந்துக்கிட்டு இருக்குங்க."

"இன்னா அங்க இடிக்கிற சத்தம்?"

"சீல் குத்தறாங்க."

நாத்தனார் குழவியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

போட்டியில் இருவரும் ஒன்றாகச் சொன்னதால் இருவருமே ஜெயித்ததாக முடிவு செய்தோம். ஆணிபிடுங்கியை அவள் எடுத்துக்கொண்டாள். இனி பிடுங்குவதற்கு ஆணி அந்த வீட்டில்தான் அதிகம் இருந்தது, குழவியால் அடித்ததில் பாதி கோணலாகப் போயிருந்தன. நான் அவள் பெட்டியிலிருந்து ஒரு கைத்துளைப்பானை எடுத்துக்கொண்டேன். பக்கவாட்டில் பல்சக்கரம், அதைச் சுற்ற ஒரு சின்ன மரக்குமிழ். சுற்றினால் நுனி சுழன்று மரத்தில் ஓட்டை போடும்.

மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கைத்துளைப்பான் பைக்குள் அடங்காமல் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. செம்மங்குப்பம் நெருங்க, ரசாயன ஆலைகளின் வாடைக்கு எல்லோரும் கைக்குட்டையை மூக்கில் வைத்தபோது, டிக்கெட் கேட்டுவந்த கண்டக்டர் மூக்கைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, தயிர் கடையறதா?"

நான் ஒரு நொடி யோசித்தேன்.

"ஆமாங்க," என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா குமிழை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு. வெண்ணெ நல்லாத் தெரளும்."